வயிற்று வலி என்று யார் சொன்னது

என் மேசையின் வலது ஓரத்தில் ஒரு ஓம வாட்டர் பாட்டில் இருக்கிறது. மூடியின் சீல் உடைக்கப்படவில்லை. லேபிள் வெளுத்து, எழுத்து தேய்ந்து, உள்ளே இருக்கும் தண்ணீர் பழுப்பேறி, கழுத்திலிருந்து இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. சீல் உடையாத பாட்டிலில் தண்ணீர் எப்படிக் குறையும் என்று பலமுறை சந்தேகப்பட்டிருக்கிறேன். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எனக்கு அஜீரணக் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெந்தயத்தை மோரில் ஊறப்போட்டுக் குடியுங்கள் சார் என்றுகூட ஒருவர் சொன்னார். தலையாட்டி வைத்தேன். அந்தப் பாட்டில் என்னிடம் வந்த கதையைச் சொல்வதைவிட அஜீரணக்காரன் என்று பெயர் வாங்குவது எளிது.

அதை வைத்துவிட்டுப் போனவர் எங்கள் புரூஃப் அக்கா. பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் இருக்கும். விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில், ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகம் இருந்தது. நான் அங்கே நிருபர். அக்கா எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர், வயதில் ஐந்தாறு வருஷம் மூத்தவர். திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து, நாங்கள் எழுதுவதில் பிழை பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்புவார். எழுத்துப் பிழை பார்க்கத்தான் அவரை வைத்திருந்தார்கள். அவரோ எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

அக்கா எதையும் நம்ப மாட்டார். டீ வந்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஆட்டோக்காரர் சிரித்தால் சுற்று வழியில் கூட்டிப்போகப் போகிறார் என்பார். பொறுப்பாசிரியர் அன்பாகப் பேசினால் அன்றைக்கு யாருக்கோ விடுப்பு மறுக்கப்படும் என்று அடித்துச் சொல்வார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சி.பி.ஐ. என்று கூப்பிட்டோம். அது அவருக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் செய்தி எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வருவார். அதன் மேல் ஒரு விரலை வைத்து ஒரே கேள்வி கேட்பார்: “யாரு சொன்னது?”

“இளம்பெண் மாயம்” என்று எழுதிக் கொடுத்தால், “மாயமாப் போறதுக்கு அவ இன்னா மோகினியா? பஸ் ஏறிப் போயிருப்பா. எதுக்குப் போனான்னு யாரையாவது கேட்டியா?” என்பார். பதவி உயர்வு பெற்ற ஒரு பெண் அதிகாரியைப் பற்றி, “குடும்பப் பொறுப்புகளையும் கவனித்துக்கொண்டே சாதித்திருக்கிறார்” என்று ஒருமுறை எழுதினேன். விரல் வந்து விழுந்தது. “அந்தம்மா சமைச்சிக்கினே பரீட்சைக்குப் படிச்சாங்கன்னு யாரு சொன்னது? போன வாரம் ஒரு ஆம்பளை ஆபீசரைப் பத்தி எழுதினியே, அவரு வீட்ல யாரு சோறாக்கினாங்கன்னு ஏன் போடல?” மகளிர் தின மலருக்கு ரோஜா நிறப் பக்கங்கள் தயாரானபோது ஆளாளுக்கு அக்காவை வாழ்த்தினோம். வாழ்த்தை வாங்கிக்கொண்டு, “ஒரு நாளைக்கு இவ்ளோ பல்லைக் காட்றானுங்கன்னா மிச்ச நாளெல்லாம் இன்னா பண்றானுங்கன்னு பாக்கணும்” என்று முணுமுணுத்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அவர் கேட்பது சரி என்பதனால் இன்னும் கூடுதலான எரிச்சல்.

மாவட்டச் செய்திகளைப் படிக்கிற எவருக்கும் அந்த வாக்கியம் தெரியும். தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த இன்னாரின் மனைவி, வாழ்க்கையில் வெறுப்படைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். பெரும்பாலும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயது. ஒரு மருந்துச் சீட்டுகூட இருக்காது. ஆனால் வலி தீராத வலியாக இருக்கும். வயிற்று வலி எல்லோருக்கும் வசதி. புருஷன் வீட்டைப் பார்த்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெற்ற வீட்டில் கல்யாணத்துக்கு இன்னொரு பெண் இருந்தால் அவர்களுக்கும் அதுவே நல்லது. விசாரிக்க வேண்டியவர்களுக்கு வேலை குறையும். எங்களுக்கு ஆறு வரிச் செய்தி கிடைக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். எங்கள் பக்கத்தில் வேலிக்கும் ஓணானுக்கும் சேர்த்து நாங்கள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு மாலை அப்படி ஒரு செய்தியை நான் கொடுத்தேன். அக்கா படித்தார். படியிறங்கிப் போய்க் கீழே மருந்துக் கடையில் ஒரு ஓம வாட்டர் பாட்டில் வாங்கி வந்து என் தாளின் மேல் வைத்தார். “இது கையில இருந்திருந்தா பொழைச்சிருப்பா இல்ல?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு அந்தப் பாட்டில் அவர் மேசையில் நிரந்தரமாக இருந்தது. யார் வயிற்று வலி எழுதினாலும் எழுதியவரின் தாள் மேல் ஏறி உட்காரும். அந்த வரியை எடுத்துவிட்டு, “காரணம் தெரியவில்லை” என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பிப் போகும். தெரியவில்லை என்று எழுதுவது எங்களுக்கு அவமானமாக இருந்தது. தெரியாததை எழுதுவதற்கு நாங்கள் வெட்கப்பட்டதாக நினைவில்லை.

அவருடைய அக்காவோ தங்கையோ இப்படி இறந்திருக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. நானும் நம்பினேன். ஒருநாள் ரயிலுக்கு நிற்கும்போது சுற்றி வளைத்துக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஏன், சொந்தத்துல ஒருத்தி செத்தாத்தான் இதைக் கேக்கணுமா?” என்றார். அன்று முழுவதும் எனக்குக் காது சுட்டது.

அந்த வருஷம் ஆடி மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. அந்த வாரத்தில்தான் இது நடந்தது. வழக்கம்போல மாலை ஆறு மணிக்கு ஒரு காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். எழுத்துவேலை பார்க்கிற ஏட்டு, ரைட்டர் என்போம், எனக்குப் பழக்கமானவர். “காணை பக்கம் ஒரு பொம்பளை தம்பி. உசுரை மாய்ச்சிக்கப் பாத்துச்சு, ஆஸ்பத்திரில கெடக்குது. தாங்காதுன்னு சொல்லிட்டாங்களாம். நீ நாளைக்குப் பேப்பர்லதானே போடுவ, அதுக்குள்ள முடிஞ்சிரும். போட்டுக்க” என்றார். பெயர், வயது, புருஷன் பெயர், ஊர் சொன்னார். காரணம் என்ன என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு எழுதினேன். தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த என்று கை தானாகத் தொடங்கியது. மறுக்க அக்கா இல்லை, பாட்டில் அவர் மேசையில் சும்மா இருந்தது. காலையில் செய்தி வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் அந்தப் பெண் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியிருக்க வேண்டும், கைப்பிடிச் சுவரில் அவள் கை உரசும் சத்தம் நின்று நின்று கேட்டது. மெலிந்த உடம்பு. குரல் கரகரத்து உள்ளே போயிருந்தது. குடும்ப அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறையிலிருந்து செய்தித் துண்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். “இது நான்தாங்க” என்றாள்.

பொறுப்பாசிரியர் எழுந்துவிட்டார். உட்காரச் சொன்னார், மின்விசிறியைத் திருப்பினார், உயிரோடு இருக்கிறார் என்று நாளைக்கே போட்டுவிடலாம் என்றார். அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் குறுக்கிட்டாள்.

“செத்துட்டேன்னு போட்டது போனாப் போவுதுங்க. அதை யாரும் நம்பல, நான்தான் எதிர்ல நிக்கிறேனே. இந்த வயித்து வலியை மட்டும் எடுத்துடுங்க. அதைத்தான் எல்லாரும் நம்பிக்கினு இருக்காங்க.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தை புருஷன் வீட்டில் இருக்கிறது. கேட்டால் இந்தத் துண்டைக் காட்டுகிறார்கள். பேப்பரிலேயே போட்டிருக்கிறது, இவள் தீராத வியாதிக்காரி, அதை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள், வியாதிக்காரியிடம் குழந்தையை எப்படிக் கொடுப்பது என்கிறார்கள். “அவரு அடிச்சதையும், அவரு வீட்டாளுங்க பண்ணதையும் நான் கண்ணு முழிச்சதுமே போலீசுக்கு சொல்லிட்டேங்க. எழுதிக்கினு போனாங்க. ஆனா அந்த பேப்பரை யாரு பாக்கறாங்க? டீக்கடையில இந்த பேப்பரைத்தானே பாக்கறாங்க. ஞாயித்துக்கெழம ஊர்ல பஞ்சாயத்து கூடறாங்க. அதுக்குள்ள மாத்திடுங்க. எனக்கு என் பொண்ணு வேணும்.”

காய்ச்சல் தேறி வேலைக்குத் திரும்பியிருந்த அக்கா எழுந்து வந்து துண்டை எடுத்துப் படித்தார். என்னைப் பார்த்து, “தம்பி, வயித்து வலின்னு யாரு சொன்னது?” என்றார்.

“ஸ்டேஷன்ல சொன்னாங்க அக்கா” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. செய்தியில் கை தானாகத் தொடங்கியதுபோல வாயும் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் திருத்திக்கொள்ள எனக்கு நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளில் அக்கா எல்லோரையும் சந்தேகப்பட்டார். புருஷன் வீட்டுக்காரர்கள் நிலையத்தில் யாரையோ பிடித்துச் சொல்லச் செய்தார்களா? அந்தப் பகுதி பேப்பர் ஏஜென்ட் அவர்களுக்கு உறவா? பொறுப்பாசிரியருக்கு அந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா? அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கே போனார். ரைட்டர் தலையில் அடித்துக்கொண்டு, நான் வலி கிலி என்று எதுவுமே சொல்லவில்லை என்றாராம். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, “பொய் சொல்றான். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது” என்றார். பொறுப்பாசிரியர், இவன்தான் தப்பாகக் கேட்டிருப்பானோ என்று இழுத்தபோது அக்கா சண்டைக்குப் போனார். “நாலு வருஷமா பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன் சார். எழுத்து சுமாரா இருக்கும். ஆனா தம்பி பொய் சொல்லாது.”

டீயை முகர்ந்து பார்த்துக் குடிக்கிறவர் என்னை முகர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன்.

மறுப்புச் செய்தியைப் பொறுப்பாசிரியரே எழுதினார். சம்பந்தப்பட்ட பெண் சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறோம். அக்கா விரலை வைத்தார். “இதுல வலி அப்படியே உக்காந்துக்கினு இருக்குதே சார். வைத்தியம் பாத்து சரியாயிடுச்சுன்னு இல்ல படிப்பாங்க?” வேறு எதுவும் எழுத முடியாது, புருஷன் நோட்டீஸ் விட்டால் யார் பதில் சொல்வது என்று அவர் கையை விரித்துவிட்டார். அக்கா தாளை எடுத்துப் போனார். சனிக்கிழமை காலைப் பதிப்பில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: தமக்கு வயிற்று வலி எதுவும் இருந்ததில்லை என அவர் தெரிவித்துள்ளார். பிழை பார்க்க வந்தவர் செய்தி சேர்த்ததற்காக, அந்த மாதத்தோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். “சொல்லுவாங்கன்னு தெரியும்” என்றார் அக்கா. அதை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கு அக்கா போனார். அவரை என் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனது நான்தான். போகிற வழியெல்லாம் கரும்பு வயல். இதோ சொல்லிவிடலாம், அந்தப் பாலம் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். மாரியம்மன் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் கூடியிருந்தார்கள். ஆண்கள் நாற்காலியில், பெண்கள் ஓரமாகத் தரையில். குழந்தை அவள் நாத்தனாரின் இடுப்பில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்து ஒருமுறை கையை நீட்டியது. நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இரண்டு செய்தியையும் ஒரு பெரியவர் உரக்கப் படித்தார். படித்துவிட்டு, “இந்தப் பொண்ணே வந்து எனக்கு வலி இல்லன்னு சொன்னா அதையும் போடறாங்க. அது பெருசில்ல. மொதல்ல வலின்னு போட்டவன் யாரு சொல்லிப் போட்டான்? அது தெரிஞ்சாப் போதும், பேச்சு முடிஞ்சிது” என்றார். நியாயமான கேள்வி. அக்காவின் கேள்வியேதான். பதில் தெரிந்த ஒரே ஆளான நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். “போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லித்தாங்க போட்டாங்க. அங்கதான் என்னமோ பண்ணிக்கிறாங்க” என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னார்.

பெரியவர் துண்டை மடித்தார். “போலீசே சொல்லிக்குதுன்னா அப்ப வலி நெசந்தானேம்மா. போலீசுக்கு இந்தப் பொண்ணு மேல இன்னா பகை?” என்றார். நாற்காலிகளில் தலைகள் ஆடின. உடம்பு நன்றாகத் தேறட்டும், அதுவரை குழந்தை அங்கேயே இருக்கட்டும் என்று முடித்தார்கள். அந்தப் பெண் கத்தவில்லை, அவளுக்குக் கத்துவதற்குக் குரல் இல்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு வயித்து வலி வந்ததே இல்லீங்க” என்று மறுபடி மறுபடி சொன்னாள். அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

மாதக் கடைசியில் அக்கா தன் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். நான் அன்றைக்கு வேண்டுமென்றே வெளிவேலை வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது என் மேசையில் பாட்டில் இருந்தது. மறந்து வைத்துவிட்டார் என்று கொஞ்ச நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அக்கா எதையும் மறந்து வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை.

அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போய்க் குழந்தையை வாங்குவதற்கு இரண்டு வருஷம் ஆனது. வாங்கிய மறுவாரம் அலுவலகத்துக்கு வந்து, அக்கா இல்லாததால் என் கையில் சாக்லேட் கொடுத்தாள். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சிரித்தாள். “நல்லா இருக்குதுங்க. என்னை வாங்க, போங்கன்னு பேசுது. யாரோ வீட்டுக்கு வந்தவங்கன்னு நெனச்சிக்கினு இருக்குது போல. பழகிடும்” என்றாள். பெற்ற பிள்ளை அம்மாவுக்கு மரியாதை கொடுத்துப் பேசியது. அந்த மரியாதைக்குக் காரணம் நான். சாக்லேட்டை வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது நான் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன். செய்திகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. வயிற்று வலி குறைந்துவிட்டது. அதன் இடத்தில் மன உளைச்சல் வந்திருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டால் நிருபர் பையன்கள் நெளிகிறார்கள். அந்த நெளிவு எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போனேன். பஸ் நிலையத்தில் ஒருவர் வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்து, கடைக்காரியைப் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. மற்றபடி அதே அக்கா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே நான் உடைத்துவிட்டேன். “அக்கா, ஸ்டேஷன்ல யாரும் சொல்லல.”

“தெரியும்.”

“எப்ப?”

“அன்னிக்கே. அந்தக் கூட்டத்துல நீ செருப்பைக் கழட்றதும் மாட்டறதுமா இருந்தே. ஆனா நான் வாயை விட்டதுக்கு அப்பறம்தான் பாத்தேன்.” கையிலிருந்த மல்லாட்டையை உரித்தார். “உன்னை ஒருத்தனைத்தான் கேக்காம விட்டேன். அது என் தப்பு.”

என் தப்பு என்று அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மல்லாட்டைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க எழுதினியோ அங்க எழுது” என்றார். பஸ் வந்துவிட்டது. இது நேர்வழியில் போகுமா என்று கண்டக்டரை இரண்டு தடவை கேட்டுவிட்டு ஏறினார்.

எங்கள் பேப்பரில் இதைப் போட மாட்டார்கள், கேட்டுப் பார்த்தேன். அதனால் இங்கே எழுதுகிறேன். இத்தனை வருஷம் கழித்து எழுதுவது அந்தப் பெண்ணுக்காகவா, நல்லவன் என்று பெயர் வாங்கவா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்த தாள்களின் மேல் அந்தப் பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஒரு பத்தி மட்டும் எழுதாமல் அது இறங்காது:

காணை அருகே ஒரு பெண் தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்ததாகப் பல வருஷங்களுக்கு முன் செய்தி வெளியானது. அவருக்கு வயிற்று வலி இருந்ததில்லை. இருந்ததாகப் போலீசார் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, புருஷன் வீட்டார்கூட முதலில் சொல்லவில்லை. நிருபர் யாரையும் கேட்காமல் தானாக எழுதியது அது. அந்த நிருபர் நான்.